சாரம் பிரிக்கும் நாட்கள்

ஜனவரி 17, வெள்ளி

சிதம்பரநாதன் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். கீழச் சன்னதித் தெரு முனையில் புதிதாக லாட்ஜ் கட்டி முடித்திருக்கிறார். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவர் முழுக்கக் கோபுரம் தெரிய வேண்டுமாம், பெரிய போட்டோவாக.

"வெறும் கோபுரம் எல்லா லாட்ஜுலயும் மாட்டியிருக்கான். எனக்குத் தெருவோட வேணும். பூக்கடை, ஆட்டோ, கூட்டம் எல்லாம் இருக்கணும். அதுக்கு நடுவுல அது எந்திரிச்சு நிக்கணும்" என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

குடமுழுக்குக்காக வண்ணம் பூசி முடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை சாரம் பிரிக்கத் தொடங்குகிறார்கள். பிரித்து முடித்த மறுநாள் மதியமே தெருவை அடைத்துப் பந்தல் போட ஆள் வருகிறது. அதன்பின் விளக்குச் சரம், வாழ்த்து பேனர். அவை இறங்க மாதக்கணக்காகும். ஆக, கிடைப்பது ஒரே ஒரு காலை.

சரி என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடமாகக் கல்யாணம், வளைகாப்பு, பாஸ்போர்ட் சைஸ். கோயிலைக் கோயிலுக்காக எடுத்ததில்லை. எங்கள் வீட்டில் சாமி படமே கிடையாது. அம்மாவின் கல்யாணம் தாலி இல்லாமல், ஒலிபெருக்கியில் நாலு பேர் பேசி நடந்த கல்யாணம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. முட்டி ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வலியில் இருப்பவளிடம் எதற்கு.

ஜனவரி 18, சனி

தெருவைப் பார்த்துவரப் போனேன். கோபுரத்துக்கு உச்சி முதல் அடி வரை தென்னங்கீற்று போர்த்தியிருந்தார்கள். பெரிய வைக்கோல்போர் மாதிரி நின்றது. அதன் காலடியில் தெரு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொய்யாப்பழ வண்டி, ஒலிபெருக்கி கட்டி வெங்காயம் விற்கும் மினி லாரி, முகூர்த்தப் புடவை எடுக்க வந்து நடுத்தெருவில் சண்டை போடும் குடும்பம். தலைக்கு மேலே மின்கம்பிக் கற்றை. தரையில் நின்று எடுத்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பி. சோற்றில் முடி கிடந்த மாதிரி.

தெருவின் பாதியில் ஒரு பாத்திரக் கடை. அதன் மொட்டை மாடியில் ஏறி நின்றால் கம்பிகள் எதிர்ச் சாரியோடு ஒதுங்கிவிடுகின்றன. தெருவும் முழுசாகத் தெரிகிறது. கடைக்கார அம்மா பாக்கியலட்சுமி தாராளமாகச் சாவியைக் கொடுத்தார்.

"எத்தனை நாள் வேணாலும் ஏறுங்க. காயப் போட்டிருக்கற மொளகாய மட்டும் மிதிச்சுப்புடாதீங்க."

ஜனவரி 19, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஐஸ் பையை முட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கோபுரத்த எடுக்கற ஆர்டர் வந்திருக்கு."

"எந்தக் கோபுரம்?"

"கீழச் சன்னதித் தெரு."

ஐஸ் பையை முட்டியின் மறுபக்கத்துக்கு மாற்றினாள். பிறகு, "பொணத்தையும் போட்டோ எடுக்கறவதானே நீ. தொழில்னா எல்லாம்தான்" என்றாள். அவ்வளவுதான். முப்பத்து நாலு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பெரிதாகப் பேசக்கூடியவள்.

மதியம் ரசம் மட்டும் வைத்தேன். பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது.

ஜனவரி 20, திங்கள்

விடிந்ததும் மாடிக்குப் போய்விட்டேன். கிழக்குக் கோபுரம், கிழக்கு பார்த்த முகம். காலை வெயில்தான் அதற்கு விளக்கு. உச்சியில் ஆட்கள் நின்று கயிற்றை அறுத்தார்கள். ஒரு கீற்று மெதுவாகப் புரண்டு புரண்டு விழுந்தது. பின் இன்னொன்று.

முதலில் தெரிந்தது இரண்டு பக்கமும் வாய் பிளந்த யாளி முகம். அதன் கீழே ஒரு வரிசை பொம்மைகள். பச்சை, ரோஸ், நீலம், மஞ்சள். மிட்டாய்க் கடை என்று நினைத்தேன். அச்சில் இந்த ரோஸ் எப்படி வரும் என்று கவலைப்பட்டேன்.

அப்போது வெயில் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வந்தது. உச்சியைத் தொட்டது. அந்த ரோஸ் ரோஸாக இல்லை. அது தோலாகிவிட்டது. அங்கே மேலே அத்தனை பேர் உட்கார்ந்தும் நின்றும் ஒரு காலைத் தூக்கியும் இந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது.

லென்ஸ் 70-200, எஃப் 8. மூன்று படம்தான் எடுத்திருக்கிறேன். ஏன் அவ்வளவு குறைவு என்று தெரியவில்லை. இளவெயில் சீக்கிரம் போய்விட்டது போல.

ஜனவரி 21, செவ்வாய்

பிளம்பர் வரவில்லை. கோபுரத்தில் இன்னொரு நிலை திறந்தாயிற்று.

ஜனவரி 23, வியாழன்

ராத்திரி சாப்பாட்டுக்கு முன் கம்ப்யூட்டரில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கைத்தடியை ஊன்றிப் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"அத பெருசாக்கு."

துவாரபாலகர் ஒருவர். ஒரு காலை மடக்கி, கதாயுதத்தின்மேல் வைத்து நிற்கிறார். பெரிதாக்கினேன்.

"இன்னும். கால மட்டும்."

முட்டி திரை முழுக்க வந்தது. அம்மா குனிந்து பார்த்தாள். "முட்டிச் சில்லு சரியான எடத்துல இருக்கு பாரு. மடக்கினா இந்தச் சதை இப்படித்தான் ஒதுங்கும். உள்ள எலும்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சவன் செஞ்சிருக்கான்" என்றாள். பிறகு, "எனக்கு ஆபரேஷன் பண்ணினானே, அவன் இத ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம்."

சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு.

"சரியாயிருச்சுன்னா ஒரு நாள் நேர்லயே வந்து பாரேன்" என்றேன்.

தடியை ஊன்றிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 25, சனி

சாரம் மேஸ்திரி இருளப்பன் என்னைத் தினமும் மாடியில் பார்க்கிறார். இன்று கீழே இறங்கும்போது கேட்டார்: "தூரத்துலேர்ந்தே எடுக்கறீங்களே, பக்கத்துல பாக்க வேணாமா?"

கோபுரத்துக்கு உள்ளே படி இருக்கிறது. இருட்டு, வவ்வால் நாற்றம், ஒவ்வொரு நிலையிலும் ஒரு வாசல். மூன்றாம் நிலையில் வெளியே எட்டிப் பார்க்கச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு முகம். தெருவிலிருந்து பார்த்தால் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். இங்கே என் முகத்தைவிடப் பெரியது. காதுக்குப் பின்னால் சுருள் முடி வரை இழைத்திருக்கிறார்கள். காதுக்குப் பின்னால்! தெருவில் நிற்கிற யார் கண்ணுக்கும் அது ஒரு நாளும் தெரியப் போவதில்லை.

"இத யார் பாக்கப் போறாங்க?" என்றேன்.

"பாக்க மாட்டாங்கதான். அதுக்காகக் காதோட விட்டுட முடியுமா?" என்றார் இருளப்பன், பீடியைக் காதில் செருகிக்கொண்டு.

கீழே தெருவின் சத்தம் முழுவதும் ஒன்றாகி, கடல் போல ஏறி வந்தது. வெங்காயக்காரரின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. கை வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்புச் சுதை வெயிலில் சூடேறி, உடம்புச் சூடு மாதிரி இருந்தது.

கேமரா கழுத்தில் தொங்கியது. எடுத்திருக்க வேண்டும். நாளைக்கு எடுக்கலாம் என்று வந்துவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

விடுமுறை, சாரம் வேலை இல்லை. எனக்கும் அங்கே வேலை இல்லை. பழம் வாங்கப் போனேன். கீழச் சன்னதித் தெருவில் கொய்யா மலிவு.

ஜனவரி 28, செவ்வாய்

முட்டிக்குப் பயிற்சி கொடுக்க வருகிற ஸ்டெல்லா இன்று அம்மாவைத் திட்டினாள். "வீட்டுக்குள்ளயே பத்து அடி நடந்தா முட்டி மடங்காதும்மா. வெளிய போங்க. மேடு பள்ளம் இல்லாத தெருவா பாத்து நேரா நடங்க."

எங்கள் தெருவைப் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஸ்டெல்லா போனபின் நான் சொன்னேன்: "கீழச் சன்னதித் தெருவுல கல் பாவியிருக்கு. காலைல கூட்டமும் கம்மி. ஆட்டோல போயி, அங்க நடக்கலாம்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் வரை பேசவே இல்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக்கூட அந்தத் தெருவை விட்டு மேலவீதி வழியாகச் சுற்றித்தான் போவாள். சாமி இல்லை என்பவர்கள் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

"கடவுளே இல்லேங்கற. அப்புறம் ஒரு தெருவப் பாத்து என்னம்மா பயம்?" என்று கேட்டுவிட்டேன்.

"பயமா? எனக்கா?"

காபி டம்ளரைக் கீழே வைத்தாள். 

அம்மாவின் அப்பா, என் தாத்தா, அந்தத் தெருவில் நடந்த கதை எனக்குத் தெரியும், கூட்டங்களில் சொல்வார்கள். நம் ஆட்கள் அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று அப்போது கட்டுப்பாடு. சட்டம் எல்லாம் வந்த பிறகும் அந்தத் தெருவுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்த தாத்தா, ஒரு நாள் காலையில் இருபது முப்பது பேரோடு செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார். கல் வந்தது, சாணி வந்தது. நடந்து முடித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை.

அம்மாவும் அதில் நடந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"ஒம்பது வயசு எனக்கு. அப்பா புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாரு. அதான் மொத செருப்பு. தெருவுல கால் வச்சு நாலு கடை தாண்டல, வாரு அறுந்துபோச்சு. அப்பாகிட்ட சொன்னேன். 'கழட்டாத பாப்பா. நீ கழட்டினா நாம எல்லாரும் கழட்டின மாதிரி'ன்னாரு. என்ன பண்றது? பெருவிரலால இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, இழுத்து இழுத்து நடந்தேன். தெரு முடியற வரைக்கும் என் காலத் தவிர வேற எதையும் பாக்கல. எதிர்ல நின்னவங்க காலு கொஞ்சம் தெரிஞ்சுது. சாணி விழுந்தது தெரிஞ்சுது. அவ்ளோதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம். நடக்க உரிமை வாங்கியாச்சு. அதுக்குமேல அந்தத் தெருவுல எனக்கு என்ன வேலை?"

டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "அந்த யாளிக்குக் கீழ ஒரு வரிசை காமிச்சியே. தெருவுலேர்ந்து பாத்தா அதெல்லாம் தெரியுமா?"

அப்போதுதான் புரிந்தது. அம்மா அந்தக் கோபுரத்தை ஒரு முறைகூட எதிரே நின்று பார்த்ததில்லை.

ஜனவரி 29, புதன்

சாரம் முழுக்க இறங்கிவிட்டது. குடமுழுக்கு அன்று மேலே ஏறுவதற்காகப் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறார்கள்; முன்னால் தெரியாது. சிதம்பரநாதன் மூன்று முறை போன் செய்தார். நாளைக் காலைதான். பேட்டரி எல்லாம் சார்ஜில் போட்டிருக்கிறேன். மழை மூட்டம் இருக்கிறது. மழை வரக் கூடாது.

யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. வரக் கூடாது.

ஜனவரி 30, வியாழன்

பொழுது விடிய எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்தால், வாசல் நாற்காலியில் அம்மா. வெளுத்த காட்டன் புடவை, கையில் தடி, காலில் ஸ்டெல்லா வாங்கச் சொன்ன பட்டை ஒட்டுகிற செருப்பு.

"ஆட்டோ கூப்பிடு. நடக்கச் சொல்லியிருக்காள்ல."

உடனே ஆட்டோவைக் கூப்பிட்டேன். ஏதாவது சொன்னால் கலைந்துவிடும் என்று தோன்றியது.

தெரு முனையில் இறங்கினோம். பூக்கடைகள் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு கையால் என் தோளைப் பிடித்து, ஆபரேஷன் ஆன காலை முதலில் வைத்தாள். கல்லின் மேல் தடி சத்தம். தலை குனிந்தே இருந்தது. பார்த்துப் பார்த்துத்தான் அடி வைத்தாள். நானும் அவள் வேகத்துக்கே நடந்தேன்.

பாதித் தெருவில் மஞ்சள் துண்டு போட்ட தொண்டர் ஒருவர் வழியில் வந்தார். "அம்மா, குடமுழுக்கு வேலை நடக்குது பாருங்க. செருப்ப இங்கயே ஓரமா விட்டுட்டுப் போங்களேன்." மரியாதையாகத்தான் சொன்னார்.

அம்மா நின்றாள். என் தோளில் அவள் விரல் இறுகியது.

"இது தெருதானே தம்பி?"

"ஆமாங்கம்மா. கோயிலு அந்த வாசல்லேர்ந்துதான்."

"தெருன்னா போட்டுக்கிட்டுத்தான் நடப்பேன்."

அவர் தடியைப் பார்த்தார், வீங்கிய காலைப் பார்த்தார். "ஓ, ஆபரேஷனா? தெரியாம சொல்லிட்டேன். பாத்துப் போங்கம்மா" என்று ஒதுங்கினார்.

"முட்டிக்காக இல்ல" என்றாள் அம்மா. அவருக்குக் கேட்டதோ என்னவோ.

பாத்திரக் கடை வந்தது. "நீ போயி உன் வேலையப் பாரு. நான் நிப்பேன்" என்றாள். விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். மிளகாய் ஒன்றிரண்டை மிதித்துவிட்டேன். கேமராவைப் பொருத்தி, சட்டகம் பார்த்து, வெயிலுக்குக் காத்திருந்தேன். மேகம் விலகிக்கொண்டிருந்தது. அம்மா இல்லாமல் நாலைந்து படம் எடுத்தேன். பூ, ஆட்டோ, பால் வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், அதற்கு நடுவே அது. சிதம்பரநாதன் கேட்டது அதுதான், கிடைத்துவிட்டது.

பிறகு வெயில் வந்தது. உச்சியில் பட்டு, நிலை நிலையாக இறங்கியது. யாரோ மேலேயிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் விளக்கேற்றிக்கொண்டே இறங்கி வருவதுபோல. பூக்கட்டும் பெண்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். தினமும் அதன் கீழேயே உட்காருகிறவர்கள். சாரத்துக்குள் அது மறைந்து எத்தனை மாதமாயிற்று.

அம்மா தெரு நடுவுக்கு நகர்ந்து வந்து நின்றாள். குனிந்த தலை கொஞ்சம் நிமிர்ந்தது. வாசல் கதவுகள் உயரத்துக்கு. பின் இன்னும். தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, இன்னும், இன்னும் மேலே. தலை அவ்வளவு சாய்ந்ததில் மாடியிலிருந்தே முகம் தெரிந்தது, வாய் திறந்திருந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரன் அடிக்க வந்து அடிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. எழுபத்தைந்து வயதில் ஒரு ஒன்பது வயது முகம்.

எத்தனை முறை அழுத்தினேன் என்று தெரியாது. படங்கள் தெளிவாக வந்திருக்கின்றன.

இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். கண்ணை இறக்காமலே கேட்டாள்.

"இவ்ளோ பெருசா?"

"ம்."

"யாருடி கட்டினது இத?"

"தெரியலம்மா. ராஜா யாராவது..."

"ராஜா கட்டல. ராஜாவா கல்லு தூக்கினான்? எங்கப்பன் மாதிரி ஆளுங்க தூக்கினது. எங்கப்பன் மாதிரி ஆளுங்க செதுக்கினது." தடியால் கல்லை ஒரு தட்டு தட்டினாள். "இத்தன நாளும் தலைக்கு மேலயே இருந்திருக்கு மதி. பாக்க விடாம பண்ணிட்டானுங்களே."

பாக்கியலட்சுமி கடையிலிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, "உக்காந்து பாருங்கக்கா, முட்டி வலிக்கும்" என்றார். தெரு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். ஆட்டோக்கள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன.

ஜனவரி 31, வெள்ளி

பந்தல் கால்கள் நட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்தேன். அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை, நிறையப் பேசினாள். பெரும்பாலும் துவாரபாலகரின் முட்டியைப் பற்றி.

பிப்ரவரி 1, சனி

சிதம்பரநாதன் வந்தார். எல்லாப் படத்தையும் பார்த்து, அம்மா நிற்கும் படத்தில் நின்றுவிட்டார். "இதாங்க. யாரு இந்த அம்மா? என்ன பக்தி பாருங்க. எனக்கே கண்ணுல தண்ணி வருது."

எங்க அம்மா என்றேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணே ஒண்ணு. சுவர் அளவுக்குப் பெருசாக்கினா கால்ல செருப்பு நல்லாத் தெரியும். அத மட்டும் கம்ப்யூட்டர்ல அழிச்சுக் குடுத்திருங்க" என்றார்.

"தெருவுல எல்லாருமே செருப்போடதான் நிக்கறாங்க, சார்."

"அவங்க வர்றவங்க போறவங்க. அம்மா கும்புட்டுக்கிட்டு நிக்கறாங்கல்ல. செருப்போட கும்புட்டா பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"அவங்க கும்பிடல, சார். பாக்கறாங்க."

அவருக்குப் புரியவில்லை. கெட்ட மனிதர் இல்லை. அழிக்க எனக்கு ரெண்டு நிமிட வேலை. மணமக்களின் பருவையும் தழும்பையும் தினமும் அழிக்கிறவள்தான் நான்.

"அழிக்க முடியாதுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. "அம்மா இல்லாத படம் இருக்கு. அத எடுத்துக்கங்க."

ரொம்ப நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அம்மா இல்லாத படத்தை எடுத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, "ஆனா அதுதான் நல்ல படம்" என்றார்.

தெரியும் என்று சொன்னேன்.

அந்தப் படத்தை ஸ்டுடியோ முகப்பில் மாட்டக் கொடுத்திருக்கிறேன், கண்ணாடிக்குப் பின்னால், வைக்க முடிகிற அளவுக்குப் பெரிதாக.

பிப்ரவரி 2, ஞாயிறு

லாட்ஜ்காரர் வேறு படம் எடுத்துக்கொண்டார் என்று மட்டும் சொன்னேன்.

"ஏன், நான் சரியா விழலையா?"

"நல்லாத்தான் விழுந்திருக்க. அவரு சுவருக்கு அளவு ஒத்து வரல."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். வார்டில் நோயாளி மாத்திரை போட்டுக்கொண்டதாகப் பொய் சொன்னால் பார்க்கிற பார்வை. 

பிளம்பர் வந்து குழாயை மாற்றிவிட்டார். அம்மா கூடத்துக்குள் நடந்து பார்த்தாள். வீக்கம் குறைந்திருக்கிறது.

"நாளைக்குக் காலைல ஆட்டோ சொல்லிரு" என்றாள்.

"எங்க?"

"எங்கயா? அங்கதான். மேல ரெண்டு நிலையச் சரியாவே பாக்கல, கழுத்து வலிச்சுப்போச்சு. பந்தலத் தாண்டிட்டா கோபுரத்துக்கு அடியிலயே நிக்கலாமாம், பாத்திரக்கடைக்காரம்மா சொல்லுச்சு."

"நான் கேமரா எடுத்துட்டு வரட்டுமா?"

"உன் இஷ்டம்" என்றாள் அம்மா. "எனக்கு முன்னாடி நின்னு மறைக்காத."